ஃபங்கஸ் பிடித்த லென்ஸ்

பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர் கையில் ஒரு டார்ச் இருக்க வேண்டும். செல்போன் டார்ச்சே போதும். லென்ஸின் இரு மூடிகளையும் கழற்றி, அபெர்ச்சர் இதழ்களை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தைச் சாய்வாக உள்ளே விட்டு, முன்பக்கம் வழியாகப் பார்க்க வேண்டும். நேராக அடித்தால் கண் கூசும், வேறொன்றும் தெரியாது. டார்ச்சைச் சாய்த்தபடியே பார்வையை ஒவ்வொரு கண்ணாடியாக ஆழத்துக்கு நகர்த்தினால், வெளிப்பார்வைக்குப் புத்தம் புதிதாகத் தெரிந்த லென்ஸ்கூட உள்ளே என்னென்ன வைத்திருக்கிறது என்று காட்டிவிடும்.

தனித்தனிப் புள்ளிகள் தூசி. எந்த லென்ஸிலும் இருக்கும், கவலைப்பட வேண்டாம். கண்ணாடி முழுக்கச் சீராகப் படிந்த மங்கல், ஃபோகஸ் திருகுக்குப் போட்ட கிரீஸ் ஆவியாகிப் படிந்தது. ஓரத்தில் வானவில் நிறம் காட்டும் திட்டு, இரண்டு கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போனதன் அடையாளம். ஃபங்கஸ் இவை எதையும் போல இராது. பெரும்பாலும் கண்ணாடியின் ஓரத்திலிருந்து கிளம்பும். சாம்பல் வெள்ளையில் மயிரிழைகளாகக் கிளை பிரிந்து, அந்தக் கிளைகள் மறுபடி பிரிந்து நடுப்பகுதியை நோக்கி வரும். சில சமயம் ஓரத்தோடு தொடர்பில்லாமல், ஒரு தூசித் துணுக்கை மையமாக வைத்து வட்டமாகப் படர்ந்திருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் யாருக்கும் அடையாளம் தவறாது.

விற்பனை விளம்பரங்களில் ‘மைனர் ஃபங்கஸ், படத்துல தெரியாது’ என்று போடுகிறார்கள். அது பாதி உண்மை. லென்ஸ் தன் உள்ளே இருக்கும் பொருளை ஃபோகஸ் செய்வதில்லை, எதிரே பல அடி தள்ளி நிற்கும் பொருளைத்தான் செய்கிறது. ஆகவே பூஞ்சை இழைகளின் உருவம் படத்தில் விழாது. ஆனால் அந்த இழைகள் தங்கள்மேல் படும் ஒளியைத் தாறுமாறாகச் சிதறடிக்கின்றன. சிதறிய ஒளி சென்சார் முழுக்கப் பரவிக் கருப்பைச் சாம்பலாக்குகிறது. பகல் வெளிச்சத்தில், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது, வித்தியாசமே தெரியாமல் போகலாம். கல்யாண மண்டபத்தில் மணமேடைக்குப் பின்னால் விளக்குச் சரம் எரிய, அதற்கெதிரே கேமராவை வைத்தால் அன்றைக்குத் தெரியும்: படம் முழுவதும் பால் ஊற்றிய வெளுப்பு. பூஞ்சை சென்சாருக்கு அருகில், பின் கண்ணாடியில் இருந்தால் தொல்லை கூடுதல். அங்கே ஒளிக்கற்றை குறுகிவிடுவதால் சிறிய திட்டும் அதில் பெரும்பங்கை மறிக்கும்.

இது எப்படி உள்ளே போனது என்று லென்ஸ் வைத்திருக்கும் எல்லோரும் கேட்கிறார்கள். போகவே வேண்டியதில்லை, ஏற்கெனவே உள்ளேதான் இருந்தது. ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் ஆகிய பேரினங்களின் வித்துகள் நாம் மூச்சுவிடும் காற்றில் எந்நேரமும் மிதக்கின்றன. ஒரு வித்தின் குறுக்களவு 2 முதல் 5 மைக்ரான். தூசியும் மழைத்துளியும் புகாதபடி ரப்பர் வளையம் வைத்த விலையுயர்ந்த லென்ஸ்கூட, ஜூம் வளையத்தைத் திருப்பும்போதெல்லாம் காற்றை உள்ளிழுத்து வெளிவிடுகிறது. அந்தக் காற்றோடு வித்து வருகிறது, கண்ணாடியில் அமர்கிறது, காத்திருக்கிறது. வருடக் கணக்கில்கூடக் காத்திருக்கும்.

பூஞ்சை தாவரம் அல்ல. பச்சையம் இல்லாததால் தன் சாப்பாட்டைத் தானே தயாரிக்க அதற்கு வழியில்லை, கிடைத்ததைச் செரித்துத்தான் வாழ வேண்டும். அதிலும் நம்மைப் போல விழுங்கிவிட்டுச் செரிப்பதில்லை. என்சைம்களையும் அமிலங்களையும் வெளியே கசியவிட்டு, உணவை வெளியிலேயே கரைத்து, கரைசலை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடியில் அதற்கு உணவு கிடையாது. ‘ஃபங்கஸ் கண்ணாடியைத் தின்னுடும்’ என்று கடையில் சொல்வது அந்த அளவில் தவறு. அது தின்பது கண்ணாடிமேல் இருக்கும் மற்றவற்றை: தோலிலிருந்து உதிர்ந்த செதில், பஞ்சிழை, மகரந்தம், விரல் ரேகையில் ஒட்டிய எண்ணெய், ஓரத்துப் பசை, உட்புறக் கருப்பு வண்ணம், கிரீஸிலிருந்து கிளம்பிய ஆவி. நம் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் லென்ஸில் ஒரு பூஞ்சைக் குடும்பம் பல மாதம் காலம் தள்ளும் அளவுக்கு இவை உண்டு. படர்வது பெரும்பாலும் ஓரத்தில் தொடங்குவதன் காரணமும் இதுவே, பசையும் வண்ணமும் கிரீஸும் இருப்பது அங்கேதான்.

ஆக வித்து எங்கும் இருக்கிறது, உணவும் இருக்கிறது. இல்லாமல் செய்யக்கூடியது தண்ணீர் ஒன்றைத்தான். ரொட்டியில் வரும் சாதாரணப் பூசணங்களுக்குக் கணிசமான ஈரம் வேண்டும். லென்ஸில் வருபவை வேறு ரகம், வறட்சியைத் தாங்கப் பழகியவை. ஜப்பானில் ஓட்சுகி என்ற ஆய்வாளர் 1962-இல் ஒரு பைனாகுலர் லென்ஸிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சையைப் புதிய இனமாக வகைப்படுத்தினார், அதற்கு ஆஸ்பர்ஜில்லஸ் டோனோஃபிலஸ் என்று பெயர். இந்த வறட்சிக் கூட்டத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் பெனிசிலியாய்டிஸ் என்ற உறவினர் மகா கில்லாடி. நீர்ச் செயல்பாடு 0.585 என்ற அளவுக்கு, அதாவது 58.5% ஒப்பு ஈரப்பதத்துக்கு ஈடான வறட்சியிலும் அதன் வித்து முளைவிட்டதைச் சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். அது எல்லைக் கணக்கு. நடைமுறையில் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் வித்து விழிக்கும். சென்னையிலும் நாகர்கோவிலிலும் ஐப்பசி, கார்த்திகையில் அதற்குக் குறைவான நாளைத் தேடத்தான் வேண்டும்.

முளைத்த பூஞ்சை வெறுமனே கண்ணாடிமேல் படுத்துக் கிடந்தால் துடைத்துவிட்டுப் போய்விடலாம். சேதம் அது கசியவிடும் அமிலத்தால் வருகிறது. ஆக்ஸாலிக், சிட்ரிக், குளுகோனிக் என்று பல கரிம அமிலங்கள். இவை முதலில் அரிப்பது கண்ணாடியை அல்ல, அதன்மேல் இருக்கும் பூச்சை, கடைக்காரர் மொழியில் ‘கோட்டிங்’கை.

கோட்டிங் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் இழப்பின் அளவு புரியும். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். சாதாரண 50 மி.மீ. லென்ஸில் 6 கண்ணாடிகள் 5 தொகுதிகளாக இருக்கும், காற்றைத் தொடும் பரப்புகள் 10. பரப்புக்கு 4 சதவீதம் போனால் மறுபக்கம் வந்து சேர்வது மூன்றில் இரண்டு பங்கு ஒளிதான். தொலைந்த பங்கும் சும்மா போகாமல் உள்ளேயே முட்டி மோதிப் படத்தை வெளுக்க வைக்கும். 1892-இல் இங்கிலாந்தில் ஹரால்டு டென்னிஸ் டெய்லர் என்ற லென்ஸ் வடிவமைப்பாளர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். வயதாகிப் பளபளப்புக் குன்றிய லென்ஸ்கள் புது லென்ஸ்களைவிட அதிக ஒளியை உள்ளே விட்டன. கண்ணாடியின் மேற்பரப்பு காலப்போக்கில் சற்றே மாறி, தானாகவே ஒரு மெல்லிய படலமாகியிருந்தது. அதை வேண்டுமென்றே செய்யும் வழியை, வெற்றிடத்தில் ஃபுளோரைடு உப்புகளை ஆவியாக்கிப் படிய வைக்கும் முறையை, உக்ரைனில் பிறந்த இயற்பியலாளர் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935-இல் ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தில் உருவாக்கினார். அது சில காலம் ராணுவ ரகசியமாக இருந்தது.

பூச்சுக்குப் பெரும்பாலும் எடுப்பது மக்னீசியம் ஃபுளோரைடு. அதன் தடிமன், அதற்குள் ஓடும் பச்சை ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு, ஏறக்குறைய 100 நானோமீட்டர். படலத்தின் மேலிருந்து திரும்பும் அலையும் அடியிலிருந்து திரும்பும் அலையும் எதிரெதிர்க் கட்டத்தில் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இந்தக் கணக்கு பலிக்க வேண்டுமானால் தடிமன் துல்லியமாக இருந்தாக வேண்டும். இப்போது பூஞ்சை இழையின் அளவைப் பக்கத்தில் வையுங்கள். 4 மைக்ரான் குறுக்களவு என்று எடுத்துக்கொண்டால் படலத்தைப் போல 40 மடங்கு. கோரைப்பாயின்மேல் பருத்த மூங்கிலைக் கிடத்தி, அந்த மூங்கில் பாயெங்கும் அமிலம் கசிவதாக நினைத்துக்கொள்ளலாம். இழை ஓடிய தடத்தில் படலம் சில பத்து நானோமீட்டர் மெலிந்தாலே கணக்குக் கெட்டுவிடும். அந்தத் தடத்தில் வெளிச்சம் வேறு நிறத்தில் திரும்பும். பூஞ்சையை முழுக்க அகற்றிய பிறகும் அது படர்ந்த வரைபடம் கண்ணாடியில் மிஞ்சி நிற்பது இதனால்தான்.

இந்தச் சிக்கலை முதலில் பெரிய அளவில் எதிர்கொண்டவர்கள் புகைப்படக்காரர்கள் அல்ல, போர்வீரர்கள். இரண்டாம் உலகப்போரில் நியூகினிக் காடுகளில் ஜப்பானியரோடு மோதிய ஆஸ்திரேலியப் படையின் பைனாகுலர்களும் துப்பாக்கிக் குறிநோக்கிகளும் தூரமானிகளும் உள்ளுக்குள் பூத்துப்போய் மங்கின. எதிரி எங்கே என்று பார்க்கும் கருவியிலேயே பார்வை போய்விட்டது. ஆஸ்திரேலியாவுக்கு இந்தக் கருவிகளே புதுசு, போருக்கு முன்னால் ஒளியியல் கண்ணாடிகூட அங்கே தயாரானதில்லை. 1940-இல் மெல்பர்ன் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் தாமஸ் லேபி தலைமையில் ஆப்டிகல் மியூனிஷன்ஸ் பேனல் என்ற குழு அமைந்தது. கண்ணாடி உருக்குவது முதல் குறிநோக்கி செய்வதுவரை அதன் பொறுப்பு. பூஞ்சை விவகாரம் வந்தபோது அதே பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறை உள்ளே வந்தது. துறைத் தலைவர் ஜான் டர்னர், பூஞ்சையியலாளர் எத்தல் மெக்லென்னன், நுண்ணோக்கியில் கைதேர்ந்த எர்ன்ஸ்ட் மத்தாய் ஆகியோர் அதில் இறங்கினார்கள்.

துடைத்துத் துடைத்துக் கட்டாது என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. காட்டுப் பாசறையில் உட்கார்ந்து தூரமானியைக் கழற்றவா முடியும்? கருவிக்குள்ளேயே நிரந்தரமாக ஒரு காவலை வைக்க வேண்டியிருந்தது. அவர்கள் தேர்ந்தெடுத்த வேதிப்பொருள் சோடியம் எத்தில் மெர்குரி தயோசாலிசிலேட், சுருக்கமாக எம்.டி.எஸ். பாதரசம் கலந்த பூஞ்சைக்கொல்லி. மிகச் சிறிய அளவில் கருவிக்குள் சேர்த்தால் போதுமாக இருந்தது. ரகசியம் விலகிய பிறகு 1946-இல் ‘நேச்சர்’ இதழில் இதைக் குறிப்பாக வெளியிட்டார்கள். வேறு பெயரில் இந்தப் பொருளை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தயோமெர்சல் என்று தடுப்பூசிக் குப்பிகளில் கெடாமல் காக்கச் சேர்த்தது இதைத்தான். லென்ஸ் மங்காமல் இருக்க உதவியதும் தடுப்பூசி கெடாமல் இருக்க உதவியதும் ஒரே மூலக்கூறு என்பது எனக்கு இன்னும் வியப்பு. இன்று கேமரா லென்ஸில் அதைப் போடச் சொல்ல நான் தயாரில்லை. பாதரசத்தைப் பற்றி இப்போது நமக்குத் தெரிந்திருக்கும் விஷயங்களுக்குப் பிறகு யாரும் சொல்லமாட்டார்கள். ஆகவே நம் காலத்துப் புகைப்படக்காரருக்கு எஞ்சியிருப்பது கழற்றித் துடைப்பதுதான்.

சென்னையில் மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிய ஒரு சர்வீஸ் கடையில் அதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கல்யாண வீடுகளுக்குப் படமெடுக்கும் ஒரு பையன், அப்பா காலத்து 50 மி.மீ. லென்ஸைக் கொண்டுவந்திருந்தான். மெக்கானிக்குக் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. டார்ச் அடித்து ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார்.

“பீரோவுலதானே வச்சிருந்தே, தம்பி?”

“ஆமாண்ணா. தோல் கேஸ்ல போட்டு, பத்திரமா.”

“பத்திரமா வச்சதுதான் வினை. தோலு தண்ணியைப் புடிச்சு வச்சிக்கும்.”

லென்ஸின் நெற்றியில் பெயர் அச்சிட்ட வளையத்தின்மேல் ஒரு ரப்பர் குமிழை அழுத்தித் திருகினார். வளையம் கழன்றது. அதற்கடியில் முதல் கண்ணாடியைப் பிடித்திருக்கும் உலோக வளையம், அதில் எதிரெதிரே இரண்டு சிறு பள்ளங்கள். இரண்டு கூர்முனை கொண்ட ஸ்பேனரை அந்தப் பள்ளங்களில் பொருத்தும்வரை பேசிக்கொண்டிருந்தவர், திருகும்போது வாயை மூடிக்கொண்டார். ஸ்பேனர் வழுக்கினால் முனை கண்ணாடியில் கோடு போட்டுவிடும், அந்தக் கோட்டைப் பூஞ்சை மாதிரி துடைக்க முடியாது. அசையாத வளையத்துக்கு ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டுச் சற்றுநேரம் காத்திருந்தார். கண்ணாடி ஒவ்வொன்றும் வெளியே வரும்போது அதன் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு, எந்தப் பக்கம் மேலே என்பதற்கு ஓர் அம்பு. நடுவில் காகிதம் போல் மெல்லிய பித்தளை வளையங்கள் வந்தால் அவற்றையும் அதே வரிசையில் துணியில் வைத்தார். அந்த வளையங்கள்தான் கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தீர்மானிப்பவை. ஒன்றை விட்டுவிட்டு மாட்டினால் படம் தெளிவாக விழாது.

பூஞ்சை அபெர்ச்சர் இதழ்களுக்கு இருபுறமும் இருந்த கண்ணாடிகளில் இருந்தது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு 6 சதவீதம். அதைத் தண்ணீர் கலந்து பாதியாக்கி, சில சொட்டு அம்மோனியா சேர்த்து, லென்ஸ் காகிதத்தை நனைத்துக் கண்ணாடிமேல் போர்த்தினார். பெராக்ஸைடு பூஞ்சையின் செல்களை ஆக்சிஜனேற்றிக் கொல்கிறது. அம்மோனியா எண்ணெய்ப் பிசுக்கை இளக்குகிறது. சில நிமிடம் கழித்து, அழுத்தாமல், நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றித் துடைத்தார். ஒரு காகிதத்தை இரண்டாவது தடவை பயன்படுத்தவில்லை. கடைசியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால். பசையால் ஒட்டிய இரட்டைக் கண்ணாடியை மட்டும் ஊற விடாமல் நுனித்துணியால் துடைத்தார், கரைசல் ஓரம் வழியாக இறங்கினால் பசையைப் பதம் பார்க்கும்.

துடைத்து முடித்த கண்ணாடி பளிச்சென்றுதான் இருந்தது. அவர் அதை உதட்டருகே கொண்டுபோய் மெல்ல ஊதினார். மூச்சின் ஈரம் பனியாகப் படிந்தபோது, இல்லாமல் போன இழைகள் மெல்லிய கோடுகளாக மறுபடி எழுந்து, பனி விலகியதும் மறைந்தன. பூச்சு அரிக்கப்பட்ட தடத்தில் நீர் வேறு மாதிரிப் படிகிறது.

“ஒண்ணுல கோட்டிங் போயிடுச்சு, தம்பி. இன்னொண்ணு தப்பிச்சுது. படத்துக்கு ஒண்ணும் ஆகாது. லைட்டுக்கு எதிரா எடுக்கறப்ப மட்டும் ஹூட் போட்டுக்க.”

அந்தத் தீர்ப்பு நியாயமானது. அரித்துப்போன பூச்சைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் கண்ணாடியை மெருகேற்றி, வெற்றிட அறையில் வைத்துப் புதுப் பூச்சு ஏற்ற வேண்டும். மெருகேற்றும்போது வளைவு மாறினால் லென்ஸே வீண். அந்தச் செலவுக்கு அதே போல இன்னொரு லென்ஸ் வாங்கிவிடலாம். அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டிய அபூர்வமான லென்ஸ் என்றால் யோசிக்கலாம்.

இது முழுக்க உலோகத்தால் ஆன பழைய லென்ஸ்களின் கதை. பழகியவர் சொல்லிக்கொடுத்தால் ஒரு பழுதான லென்ஸை வைத்து வீட்டிலேயே பயிற்சி செய்துகூடப் பார்க்கலாம். இன்றைய ஜூம் லென்ஸைத் திறப்பது வேறு விஷயம். மோட்டார், நடுக்கம் தடுக்கும் மிதக்கும் கண்ணாடி, காகிதம் போல மடிந்து ஓடும் கேபிள்கள் என்று உள்ளே ஓர் ஊரே இருக்கிறது. கண்ணாடிகளின் மையங்களைத் தொழிற்சாலையில் கருவி வைத்து ஒரே கோட்டில் நிறுத்தியிருப்பார்கள். திரும்ப மாட்டும்போது ஒரு கண்ணாடி மிகச் சிறிதளவு விலகினாலும் படத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் கலங்கலாகவும் வரும். அதனால் சர்வீஸிலிருந்து லென்ஸ் திரும்பியதும் கடையிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். செய்தித்தாளின் ஒரு முழுப்பக்கத்தைச் சுவரில் ஒட்டி, கேமராவை அதற்கு நேராக நிறுத்தி, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து படமெடுங்கள். நான்கு மூலை எழுத்துகளும் ஒரே அளவு தெளிவாக இருக்கின்றனவா? பிறகு வெளியே வந்து தூரத்து செல்போன் கோபுரத்தை ஃபோகஸ் செய்து பாருங்கள். இரண்டிலும் தேறினால் பணத்தைக் கொடுக்கலாம். உத்தரவாதக் காலத்தில் இருக்கிறதே என்று நம்பியும் பயனில்லை. பூஞ்சையைப் பயனரின் பராமரிப்புக் குறையாகக் கருதி உத்தரவாதத்திலிருந்து விலக்குவதே பொது வழக்கம்.

கழற்றாமல் தப்பிக்கும் வழிகள் பல காதுக்கு வரும். புற ஊதா டார்ச் அதில் ஒன்று. கிருமிகளைக் கொல்லும் புற ஊதாக் கதிரின் அலைநீளம் 254 நானோமீட்டர் பக்கம், சாதாரண ஒளியியல் கண்ணாடி சுமார் 300 நானோமீட்டருக்குக் கீழே எதையும் உள்ளே விடாது. முதல் கண்ணாடியிலேயே கதிர் நின்றுவிடும், பூஞ்சை மூன்றாவது கண்ணாடியில் நிழலில் இருக்கும். வெயிலில் வைப்பது அதைவிட மோசம், லென்ஸ் சூரியனை எங்கே குவிக்கிறதோ அங்கே பொசுக்கும், கிரீஸும் உருகி ஓடும். அப்படியே செத்தாலும் பிணம் கண்ணாடியில்தான் கிடக்கும், தானாகக் கிளம்பிப் போகாது. பையில் அந்துருண்டை போடுகிறவர்கள் உண்டு. நாஃப்தலீன் ஆவியாகி, மறுபடி குளிர்ந்த பரப்பில் படிகமாகப் படியும், லென்ஸும் ஒரு பரப்புதான். அரிசிக்குள் புதைப்பது மாவுத்தூசியை, அதாவது பூஞ்சைக்குச் சாப்பாட்டை, உள்ளே அனுப்புவது.

ஒரு லென்ஸிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுமா என்பது புகைப்படக்காரர்கள் ஓயாமல் சண்டை போடும் கேள்வி. என் கட்சி இதுதான்: வித்து எல்லா லென்ஸிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே பூத்த லென்ஸைத் தீண்டத்தகாததாக ஒதுக்குவது மிகை. ஆனால் இரண்டும் ஒரே பையில் இருந்தால் இரண்டுக்கும் ஒரே ஈரக்காற்றுதான். ஒன்று பூத்துவிட்டது என்றால் மற்றதும் அதே வீட்டில்தான் குடியிருக்கிறது. பையை முதலில் சந்தேகப்பட வேண்டும், பிறகு லென்ஸை.

நம் ஊரில் அந்த ஈரம் இரண்டு வழியில் லென்ஸுக்கு வருகிறது. ஒன்று மெல்ல: மழைக்காலத்தில் வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில், துணிகளுக்கு நடுவே, பஞ்சு வைத்த பைக்குள், மாதக்கணக்கில். மற்றது சட்டென்று: 24 டிகிரிக்குக் குளிர்ந்த ஏசி அறையிலிருந்து லென்ஸை வெளியே கொண்டுவரும்போது. சென்னையில் புழுக்கமான நாள்களில் காற்றின் பனிநிலை 25 டிகிரியைத் தொடும். அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும், கண்ணாடியின் வெளியேயும் உள்ளேயும். துடைத்தால் வெளியே மட்டுமே போகும். அதனால் பையைப் பூட்டியபடியே வெளியே கொண்டுவந்து, அரைமணி நேரம் கழித்துத் திறப்பது நல்லது.

அந்தக் காலத்துப் பள்ளி ஆய்வகங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் நுண்ணோக்கிகளைப் பூட்டும் மர அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும். அது வெளிச்சத்துக்கு அல்ல. வெளியே 30 டிகிரி வெப்பம், 80% ஈரப்பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலமாரிக்குள் காற்று 35 டிகிரிக்கு ஏறினால், அதில் இருக்கும் நீரின் அளவு மாறாமலே ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. சூடான காற்றின் கொள்ளளவு பெரிது. 5 டிகிரியில் பூஞ்சையின் வயிற்றில் அடித்துவிடலாம். கரண்டு மிச்சம் பிடிக்க எல்இடி பல்பு மாட்டினால் இந்த வித்தை பலிக்காது, அது அந்த அளவுக்குச் சூடாவதில்லை.

இன்று அதற்கு ட்ரை கேபினெட் என்ற மின்சாரப் பெட்டி கிடைக்கிறது. ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிறுத்திவைத்தால் போதும், அதற்கும் மிகக் கீழே கொண்டுபோனால் மசகு எண்ணெய் காயத் தொடங்கும். காசு குறைவு என்றால் ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பா, ஒரு சிறு ஈரமானி, சிலிகா ஜெல். கணக்கு எளிது. 30 டிகிரியில் 80% ஈரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீர். 20 லிட்டர் டப்பாவில் அரை கிராம். அதை 45 சதவீதத்துக்கு இறக்க 0.2 கிராம் நீரை எடுக்க வேண்டும். காலணிப் பெட்டியில் வரும் 1 கிராம் பொட்டலம் புதிதாக இருந்தால் அதை ஒருமுறை செய்து முடித்துச் சோர்ந்துவிடும், அதுவும் உங்கள் கைக்கு வரும் முன்பே நிறைந்திருக்கும். நீங்கள் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் புதுக் காற்று வரும், பையின் பஞ்சும் தோல் உறையும் தங்கள் ஈரத்தைக் கக்கும். 50 கிராமாவது போடுங்கள், தோல் உறையை வெளியே வையுங்கள். ஆரஞ்சு நிற மணிகள் பச்சையானால் நிறைந்துவிட்டன என்று பொருள். 110, 120 டிகிரியில் ஓரிரு மணி நேரம் வறுத்தால் மறுபடி ஆரஞ்சு நிறம் வரும், அதற்கு மேல் சூடாக்கினால் நிறமே செத்துவிடும். நீல மணிகளில் நிறம் காட்டுவது கோபால்ட் குளோரைடு. அது நச்சுப் பொருள் என்பதால் சமையல் வாணலியை எடுக்காமல், பழைய தகரத் தட்டு ஒன்றை அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.